அப்பாவின் மெயில்பெட்டி: ஒரு மைக்ரேஷன், மூன்று வார இறுதிகள்



இந்தக் கிழமை எபிசோட்டில் மெயில் மைக்ரேஷன் பற்றிக் கதைத்தோம். ஒரு சிஸ்டத்தில் இருக்கிற மெயில்களை இன்னொரு சிஸ்டத்துக்குக் கொண்டுபோகிற வேலை. எபிசோட்டில் சொன்னதெல்லாம் கம்பெனிக் கதை. சொல்லாமல் விட்டது வீட்டுக் கதை. அது இங்கே.

நான் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கிற ஐடிக்காரன். நூற்றுக்கணக்கான மெயில்பெட்டிகளை ஒரு வார இறுதியில் மாற்றியிருக்கிறேன். ஆனாலும் நான் கை நடுங்கச் செய்த மைக்ரேஷன், ஸ்காபரோவில் என் அப்பாவின் ஒரேயொரு மெயில்பெட்டிதான்.

விசயம் இதுதான். அப்பா கனடாவுக்கு வந்து முதன்முதல் இன்டர்நெட் எடுத்தபோது அந்தக் கம்பெனி இலவசமாகத் தந்த மெயில் முகவரியைத்தான் இருபது வருசத்துக்கு மேலாகப் பாவித்துவந்தார். போன வருசம் அந்தக் கம்பெனி, "60 நாட்களில் மெயில் சேவையை நிறுத்துகிறோம்" என்று அறிவித்தது. அறிவித்தல் குப்பை மெயில் போல்டருக்குள் போய் விழுந்துவிட்டது. அப்பா எனக்குச் சொன்னபோது மிச்சம் 26 நாள்.

"அரை மணித்தியால வேலை அப்பா, ஜிமெயிலுக்கு மாத்தி விடுறன்" என்றேன்.

"அதுக்குள்ள பெரியப்பான்ர மெயில் எல்லாம் இருக்கு. கவனம் தம்பி" என்றார்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்த பிறகு, யாழ்ப்பாணத்தில் ஒரு கொமினிகேசன் கடைக்குப் போய், அங்கே வேலை செய்த பெடியனிடம் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வித்து, பெரியப்பா அப்பாவுக்கு மெயில் அனுப்புவார். பெரியப்பா இப்போது இல்லை. அந்த மெயில்களுக்கு வேறு பிரதியும் இல்லை.

1. மெயில் உண்மையில் எங்கே இருக்கிறது?

முதல் சனிக்கிழமை. கம்பெனியின் சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். முன்னூற்றுச் சொச்சம் மெயில்தான் இருந்தது. எல்லாம் கடைசிச் சில மாதத்தவை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

காரணம் பொப்3. பழைய மெயில் செயலிகள் பெரும்பாலும் இந்த முறையில்தான் மெயிலை எடுக்கும். பொப்3 சர்வரில் உள்ள இன்பொக்ஸை மட்டும் பார்த்து, மெயிலைக் கணினிக்கு இறக்கும். "சர்வரிலும் ஒரு பிரதியை வை" என்று நாம் சொல்லாவிட்டால், இறக்கியதைச் சர்வரில் இருந்து அழித்துவிடும். நாங்கள் உருவாக்கிய போல்டர்கள், அனுப்பிய மெயில்கள் எதுவும் சர்வருக்குப் போகாது. ஐமேப் அப்படியில்லை. அதில் எல்லாம் சர்வரிலேயே இருக்கும். போனும் கணினியும் அதைத்தான் பார்க்கும்.

அப்பாவின் இருபது வருசம் சர்வரில் இல்லை. பேஸ்மெண்டில் தூசி பிடித்த டெஸ்க்டொப்பில், அவுட்லுக்கின் பிஎஸ்டி என்ற ஒற்றைக் கோப்புக்குள் இருந்தது. ஐந்து ஜிபிக்கு மேல். அந்தக் கணினியை எறியச் சொல்லி அம்மாவை இரண்டு வருசமாக நச்சரித்தது நான்தான்.

அதனால் முதல் விதி: மைக்ரேஷன் தொடங்க முதல், ஆளிடம் மெயில் எதில் வாசிக்கிறீர்கள் என்று கேளுங்கோ. போனா, பிரவுசரா, பழைய கணினியா? பழைய கணினி என்றால், முதல் வேலை அந்தக் கோப்பை வெளி டிரைவ் ஒன்றில் பிரதி எடுப்பது. மிச்சமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

2. "பாஸ்வேர்ட் சரிதான், ஆனா உள்ள விடுதில்லை"

அடுத்த தடை, லொகின். பழைய அவுட்லுக்கில் புது ஜிமெயில் கணக்கைச் சேர்த்தால், சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். பிழை பாஸ்வேர்டில் இல்லை.

முந்தி மெயில் செயலிகள் பாஸ்வேர்டை நேரடியாகச் சர்வருக்கு அனுப்பும். பாதுகாப்புக் காரணத்துக்காகப் பெரிய கம்பெனிகள் அதை நிறுத்திவிட்டன. தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் நின்றது. மைக்ரோசொப்ட் தன் எக்ஸ்சேஞ் ஒன்லைனில் 2022 ஒக்டோபரில் நிறுத்தத் தொடங்கியது. இப்போது ஓஓத் என்ற முறை. செயலி ஒரு பிரவுசர் ஜன்னலைத் திறக்கும், அதில் நீங்கள் நேரடியாக லொகின் பண்ண வேண்டும். பழைய செயலிக்கு இது தெரியாது.

வழி இரண்டு. ஒன்று, ஓஓத் தெரிந்த புதிய செயலியைப் பாவிப்பது. மற்றது, ஜிமெயிலில் இரண்டு படிப் பாதுகாப்பை இயக்கிவிட்டு, ஆப் பாஸ்வேர்ட் என்ற 16 எழுத்துச் சாவியை உருவாக்கி, வழமையான பாஸ்வேர்டுக்குப் பதிலாக அதைக் கொடுப்பது. வேலை முடிந்ததும் அந்தச் சாவியை அழித்துவிடுங்கோ.

நான் பழைய கணினியோடு மல்லுக்கட்டாமல், பிஎஸ்டியின் பிரதியை என் லப்டொப்புக்குக் கொண்டுவந்தேன்.

3. இருபது வருசமும் ஒரே நாளில்

அவுட்லுக்கில் இருந்து ஒரு சின்ன போல்டரை மட்டும் ஜிமெயிலுக்கு இழுத்து விட்டுப் பார்த்தேன். போனது. ஆனால் எல்லா மெயிலிலும் அந்தச் சனிக்கிழமைத் திகதி.

ஒவ்வொரு மெயிலுக்கும் இரண்டு திகதி உண்டு. ஒன்று, மெயிலின் தலைப்புக்குள் எழுதப்பட்டிருக்கிற அனுப்பிய திகதி. மற்றது, சர்வர் தன் பக்கத்தில் குறித்துவைக்கிற, வந்துசேர்ந்த திகதி. மாற்றுகிற செயலி இரண்டாவதைச் சொல்லாமல் விட்டால், சர்வர் இன்றைய திகதியைப் போட்டுவிடும். இன்பொக்ஸ் அதை வைத்து வரிசைப்படுத்தினால் 2003 தீபாவளி வாழ்த்தும் நேற்றைய மின்சாரக் கட்டணமும் ஒன்றாகக் கிடக்கும்.

இதனால்தான் மெயில்களைப் புது முகவரிக்கு ஃபோர்வர்ட் பண்ணுவதை மைக்ரேஷன் என்று நான் ஒருபோதும் சொல்வதில்லை. ஃபோர்வர்ட் பண்ணினால் அனுப்பியவர் நீங்களாகிவிடுவீர்கள், திகதி இன்றாகிவிடும்.

நான் செய்தது: லப்டொப்பில் டவ்கொட் என்ற திறந்தமூல மெயில் சர்வரை நிறுவி, பிஎஸ்டியில் இருந்ததை முதலில் அதற்குள் போட்டேன். பிறகு ஐமேப்சிங் என்ற கருவியால் அங்கிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பினேன். அதில், தலைப்புக்குள் இருக்கும் திகதியையே எடு என்று சொல்ல ஒரு வசதி இருக்கிறது. இன்னொரு நன்மை, இடையில் நின்றாலும் திரும்ப ஓட்டலாம். ஏற்கனவே போன மெயில்களை அடையாளம் கண்டு விட்டுவிடும், இரட்டிப்பாக்காது. உண்மையில் ஒன்றையும் மாற்றாமல் ஒத்திகை மட்டும் பார்க்கிற வசதியும் உண்டு. அதை முதலில் ஓட்டுங்கோ.

பழைய பெட்டியும் ஐமேப்பிலேயே இருந்தால் இந்தச் சுற்று எதுவும் தேவையில்லை. ஐமேப்சிங் நேரடியாக இரண்டு சர்வருக்கும் இடையில் வேலை செய்யும்.

4. நாட்களை எண்ணிப் பாருங்கோ

ஐமேப் வழியாக ஜிமெயிலுக்கு ஒரு நாளில் ஏற்றக்கூடியது 500 எம்பி. தாண்டினால் கணக்கைத் தற்காலிகமாகப் பூட்டிவிடுவார்கள். அப்பாவின் ஐந்து ஜிபிக்குக் கணக்குப் போட்டால் பத்து நாளுக்கு மேல். "அரை மணித்தியாலம்" என்று சொன்னவன் தலையில் கை வைத்தேன். அப்பா சேவை நின்ற பிறகு சொல்லியிருந்தால்?

ஜிமெயிலின் இலவச 15 ஜிபி, டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். போனில் எடுத்த படங்கள் அதை ஏற்கனவே நிரப்பியிருக்கலாம். இடம் பாதியில் முடிந்தால் பழைய மெயில் ஏறாது, புது மெயிலும் வராது.

பெரிய இணைப்புகளும் சிக்கும். இணைப்பு மெயிலுக்குள் போகும்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 பைட்டாக மாறும். கணினியில் 24 எம்பி இருக்கிற கல்யாண அல்பம் மெயிலுக்குள் 32 எம்பி. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு உச்ச அளவு உண்டு. ஏறாமல் விட்டவற்றின் பட்டியல் கருவியின் பதிவுக் கோப்பில் இருக்கும். அதை வாசியுங்கோ.

ஜிமெயிலில் இருந்து வெளியே போகிறவர்களுக்கு நேர்மாறான பிரச்சினை: எண்ணிக்கை கூடும். ஜிமெயிலில் போல்டர் இல்லை, லேபிள்தான். ஒரு மெயிலுக்கு மூன்று லேபிள் இருந்தால், ஐமேப் அதை மூன்று போல்டரில் மூன்று மெயிலாகக் காட்டும். "எல்லா மெயிலும்" என்ற போல்டரில் நான்காவது முறை வரும். அந்தப் போல்டரை விலக்க முதல், லேபிள் இல்லாத பழைய மெயில்கள் அதற்குள் மட்டும் கிடக்கின்றனவா என்று பாருங்கோ. இருந்தால் முதலில் அவற்றுக்கு ஒரு லேபிள் போடுங்கோ.

5. "எல்லாம் பழுதாப் போச்சு"

மூன்றாம் சனிக்கிழமை. கருவி, பிழை எதுவும் இல்லை என்று சொன்னது. எண்ணிக்கை சரி, திகதிகள் சரி. அப்பாவிடம் டப்லெட்டைக் கொடுத்தேன். நேராகப் பெரியப்பாவின் போல்டருக்குப் போனார். முதல் மெயிலைத் திறந்தார். இரண்டாவது. மூன்றாவது.

"எல்லாம் பழுதாப் போச்சு தம்பி" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வாங்கிப் பார்த்தேன். தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். அர்த்தமே இல்லாத குவியல்.

எனக்குப் பிடிபட ஒரு நிமிசம் எடுத்தது. பாமினி!

உங்களில் பலர் பாமினியைப் பாவித்திருக்க மாட்டீர்கள். யூனிகோட் பரவலாக வர முதல், ஈழத்தமிழர் வீடுகளிலும் பத்திரிகைகளிலும் சங்கங்களிலும் இருந்த எழுத்துரு அது. அதில் தமிழ் என்று தனியாக ஒன்றும் சேமிக்கப்படுவதில்லை. "அம்மா" என்று தட்டினால் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். பாமினி எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டும். எழுத்துரு இல்லாத சாதனத்தில் அந்த ஐந்து குறிகளும் அப்படியே தெரியும்.

பேஸ்மெண்டுக்கு ஓடிப்போய்ப் பழைய டெஸ்க்டொப்பைப் போட்டேன். அதே மெயில், தமிழில் இருந்தது. அந்தக் கணினியில் பாமினி இருக்கிறது, டப்லெட்டில் இல்லை. ஒரு எழுத்தும் தொலையவில்லை.

இங்கே ஒரு விதி, எழுதிவையுங்கோ. மெயில் விசித்திரமான ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் பயப்படுங்கோ. முதலாவது, எழுத்து இருக்கிறது, காட்டத் தெரியவில்லை. இரண்டாவது, இடையில் எந்தச் செயலியோ விளங்காத எழுத்தை எறிந்துவிட்டுக் கேள்விக்குறி போட்டிருக்கலாம். ஜிமெயிலில் "ஒரிஜினலைக் காட்டு" என்பதை அழுத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கோ. அங்கேயும் கேள்விக்குறி என்றால், மூலத்தில் இருந்து திரும்ப எடுக்க வேண்டும். மூலத்தை அழித்திருந்தால் அவ்வளவுதான். திஸ்கி என்ற குறியாக்கத்தில் எழுதிய பழைய மெயில்களுக்கு இந்த ஆபத்து கூட. அதன் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் எல்லைக்கு வெளியே இருப்பதால், செயலிகள் "திருத்துகிறேன்" என்று கெடுத்துவிடக் கூடும்.

பாமினியை யூனிகோடாக மாற்ற இணையத்தில் மாற்றிகள் நிறைய உண்டு. ஆனால் குடும்பக் கடிதங்களை முன்பின் தெரியாத தளத்தில் ஒட்ட எனக்கு மனமில்லை. ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் சரிவராது. பாமினியில் கொம்பை முதலில் தட்டி, மெய்யைப் பிறகு தட்டுவார்கள். யூனிகோடில் மெய் முதல், கொம்பு பிறகு. கொ, கோ போன்றவற்றில் கொம்பு முன்னுக்கும் கால் பின்னுக்குமாகப் பிரிந்து கிடக்கும். நீண்டதை முதலில், தனியெழுத்தைக் கடைசியில் என்ற ஒழுங்கில் மாற்ற வேண்டும்.

மூல மெயிலில் கை வைக்காதீங்கோ. அதை அப்படியே விட்டு, யூனிகோட் பிரதியைத் தனிக் கோப்பாக வையுங்கோ.

6. முகவரியும் சாகும்

மெயில்களைக் காப்பாற்றினாலும், இன்டர்நெட் கம்பெனி தந்த முகவரியைக் காப்பாற்ற முடியாது. அப்பாவின் வங்கி, வருமானவரி, பென்ஷன், விமான டிக்கெட் எல்லாம் அந்த முகவரியில். வங்கி பாஸ்வேர்ட் மறந்தால், மாற்றுகிற இணைப்பு செத்துப்போன பெட்டிக்குப் போகும்.

அதனால் பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே, அதில் "பாஸ்வேர்ட்", "கணக்கு", "உறுதிப்படுத்து" போன்ற சொற்களை ஆங்கிலத்தில் தேடி, மெயில் அனுப்புகிற இடங்களைப் பட்டியல் போடுங்கோ. வங்கியையும் அரசாங்கத்தையும் முதலில் மாற்றுங்கோ. பல இடங்கள் மாற்றத்தை உறுதிசெய்யப் பழைய முகவரிக்கே குறியீடு அனுப்பும்.

தொடர்புகளும் நாட்காட்டியும் ஐமேப்பில் வராது. தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும்.

7. சங்கம், தமிழ்ப் பள்ளி, சொந்த டொமைன்

சொந்த டொமைன் இருந்தால் முகவரி உங்களுடையது, எங்கே போனாலும் கூட வரும். சிக்கல் வேறு இடத்தில். ஒரு தமிழ்ப் பள்ளிக்கு இதைச் செய்தபோது மூன்று இடத்தில் மாட்டினேன்.

முதலாவது, எம்எக்ஸ் பதிவு. உலகத்துக்கு "இந்த டொமைனின் மெயிலை இந்தச் சர்வருக்குக் கொடு" என்று சொல்வது அதுதான். மாற்றினாலும், மற்றச் சர்வர்கள் பழைய பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதை டிடிஎல் சொல்லும். ஒரு நாளைக்கு முன்பே அதை 300 செக்கனுக்குக் குறைத்துவிடுங்கோ. அப்படியும் ஒரு கிழமைக்காவது பழைய சர்வரை மூடாதீங்கோ. கடைசியில் ஒருமுறை அதில் விழுந்ததைத் திரட்டுங்கோ.

இரண்டாவது, வெப்சைட். பள்ளியின் சேர்க்கைப் படிவத்தில் வந்த மெயில்கள் மட்டும் காணாமல் போயின. வெளியில் இருந்து அனுப்பினால் எல்லாம் சரியாக வந்தது. பழைய மெயிலும் வெப்சைட்டும் ஒரே ஹோஸ்டிங்கில் இருந்தன. அந்தச் சர்வர் இன்னும் "இந்த டொமைன் மெயில் எனக்குத்தான்" என்று நினைத்து, எம்எக்ஸைப் பார்க்காமல் தன் பெட்டிக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தது. ஹோஸ்டிங் அமைப்பில் மெயில் வழியை உள்ளூரில் இருந்து வெளியூருக்கு மாற்றியதும் சரியானது.

மூன்றாவது, பெற்றோருக்கு அனுப்பிய அறிவித்தல்கள் ஸ்பாமுக்குப் போனது. இந்த டொமைன் பேரில் யார் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப் பதிவு. பழையதை விட்டுவிட்டுப் புதிதாக இரண்டாவது ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனையே பிழையாகிவிடும். இரண்டையும் ஒன்றாக்கி, டிகிம் கையொப்பத்தையும் இயக்கினோம். 2024 பெப்ரவரியில் இருந்து கூகுளும் யாஹூவும் இதில் இறுக்கமாக இருக்கின்றன.

முடிந்தது என்று யார் சொல்வது?

கருவியின் "வெற்றி" என்ற செய்தியை நம்பி எழும்பாதீங்கோ. நான் இப்போது பார்ப்பது இவை:

• ஒவ்வொரு போல்டரிலும் பழைய, புதிய எண்ணிக்கை.
• ஆகப் பழைய மெயிலும் அதன் திகதியும்.
• அனுப்பிய மெயில் ஒன்று.
• பெரிய இணைப்பு ஒன்று, திறந்து பார்த்து.
• தமிழில் எழுதிய பழைய மெயில் ஒன்று.
• புது முகவரியில் இருந்து ஒன்று அனுப்பி, அதற்குப் பதில் வருகிறதா என்று.

பிறகு மெயில்பெட்டிக்குச் சொந்தக்காரரைப் பக்கத்தில் இருத்தி, அவருக்கு முக்கியமானதை அவரே திறக்க விடுங்கோ. எது முக்கியம் என்று கருவிக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அதுவரை பழைய கணினியை எறியக் கூடாது.

ஸ்கிரிப்ட் ஓடி முடிந்த இரவு, பெரியப்பாவின் மெயில்களை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். எனக்கு அப்போதுதான் அவற்றை வாசிக்கக் கிடைத்தது. பெரிய விசயம் ஒன்றும் இல்லை. கிணற்றடித் தேசி காய்க்கத் தொடங்கிவிட்டதாம். கூரைக்கு ஓடு மாற்ற வேண்டுமாம். ஒரு மெயிலின் கடைசியில் என் பெயர் இருந்தது: "அவன் கொம்பியூட்டர் படிக்கப் போறான் எண்டு கேள்விப்பட்டன். நல்லம். பிறகு இந்தக் கடைப்பெடியனுக்குக் காசு குடுக்கத் தேவையில்லை."

அப்பா அதை இரண்டு தரம் வாசித்தார். "கடைப்பெடியனுக்கு நான்தான் காசு அனுப்பினனான்" என்று சிரித்தார்.

உங்கள் வீட்டிலும் பேஸ்மெண்டில் ஒரு பழைய கணினி இருக்கலாம். இந்த வார இறுதியில் போட்டுப் பாருங்கோ. சிக்கினால் குரல் பதிவு ஒன்று அனுப்புங்கோ, வரும் எபிசோட்டில் சேர்ந்து பார்ப்போம்.